அவர் கதையை என் வாயால் சொன்ன நாள்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிறு காலை ஒன்றில், இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இது நடந்தது.

அந்த வருடம் நகரம் முழுக்கப் பகுதி பகுதியாகக் கூட்டங்கள் வைத்தார்கள். மேடை கிடையாது, வட்டமாகக் கதிரைகள். நிறத்தையும் நாட்டையும் பார்த்து ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோம் என்பதை ஊர்க்காரரும் வந்து குடியேறியவர்களும் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். இங்குள்ள எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர் சார்பில் பேச என்னைத்தான் பிடித்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் வீடு துடைத்துத் துடைத்தே இத்தாலியன் படித்தவன், வாய்க்குப் பஞ்சமில்லை, எதற்கும் ஒரு பழமொழி கைவசம் இருக்கும்.

ஒரு கிழமையாக, உடுப்பு அயன் பண்ணும்போதெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். பஸ்ஸில் என்னைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்த அம்மா, இத்தனை வருடமாகியும் என் பெயரைக் கேட்காத கடைக்காரர் என்று அடுக்கி வைத்திருந்தேன்.

“இஞ்சேருங்கோ, அயன் பெட்டிக்கு விளங்கினது காணும். சட்டை கருகப்போகுது!” என்றாள் மனைவி.

கூட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஹோட்டலில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்ததால், பதினொரு வருடம் வேலை செய்த ஒரு வீட்டை விடுவதாக இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விடுகிறவர்தான் அடுத்த ஆளைக் கூட்டிவந்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்படியே வீடுகள் எங்களுக்குள் கைமாறி வந்தன. அந்த வீட்டு சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, சொன்னார்: “உங்கட ஆள் ஒருத்தரைக் கொண்டுவா. ஆபிரிக்கா ஆக்கள் மட்டும் வேண்டாம்.”

“ஓம், சிஞ்ஞோரா” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. கூட்டத்தை நடத்திய பெண் ஒரு விதி சொன்னார். பக்கத்தில் இருப்பவரின் கதையைப் பத்து நிமிடம் கேட்க வேண்டும். பிறகு எழுந்து, அந்தக் கதையை ‘நான்’ என்று, தனக்கே நடந்ததுபோல் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். தன் கதை அதன் பிறகுதான். இது என்ன பெரிய வேலை, பிறர் கதை சொல்ல எனக்குக் கற்றுத்தர வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் கானா நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். நகர ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் ஆய்கிற வேலை. பேச்சைத் தொடங்குவதற்காக, உங்கள் ஊர்ப் பழமொழி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“வேலை தேடித் திரியிறவளிட்டைப் பழமொழி கேக்கிறீங்களே, சகோதரம்!” என்று சிரித்தார். இத்தாலியனில்தான் கதைத்தோம், எனக்கு அது எங்கள் தமிழிலேயே நினைவில் நிற்கிறது.

பிறகு சிரிப்பு நின்றது. பழம் முடிகிற காலம் வந்துவிட்டது. அவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான பத்திரம், அடுத்த மாதம் முடிகிறது. கையில் ஒரு வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதைப் புதுப்பிக்க முடியாது. போன கிழமை ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, வா என்றிருந்தார்கள். கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தார்கள். ஆள் கிடைத்துவிட்டது என்றார்கள்.

என் முறை வந்தது. எழுந்து நின்று, “நான் நாலு மாடி ஏறிப் போனேன்” என்று நல்ல குரலில்தான் தொடங்கினேன். அவர் சொன்ன கடைசிப் பகுதிக்கு வந்தேன். “கதவு மூட முன்னம் உள்ளுக்கை பாத்தேன். வீடு கூட்டிக்கொண்டு ஒரு ஆள் நிண்டார். அவரும் என்னைப் பாத்தார். அவரின்ரை நிறத்துக்கும் என்ரை நிறத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு கூட்டத் தொடங்கினார்.”

கதை அத்தோடு முடிந்தது. அது நான் வேலை செய்த வீடும் அல்ல, அந்த ஆள் நானும் அல்ல. இருந்தும், அந்தத் துடைப்பம் என் கையில் இருப்பதுபோலவே இருந்தது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்றுதான் எனக்கே அது விளங்கியது.

ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டேன். சிஞ்ஞோரா கேட்டதையும் நான் சிரித்துக்கொண்டு ஓம் சொன்னதையும் அப்படியே சொன்னேன். சொல்லி முடித்து அவர் பக்கம் திரும்பி, என்னை மன்னியுங்கள் என்றேன்.

“மன்னிப்பைப் பிறகு பாப்பம்” என்றார் அவர். “அந்த வீட்டு வேலை இன்னும் இருக்கோ?”

மண்டபமே சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சிஞ்ஞோரா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் என்ன சொன்னனான், நீ என்ன செய்யிறாய்?”

“சொன்னது ஞாபகம் இருக்கு, சிஞ்ஞோரா. அதுக்கு ஓம் எண்டது என்ரை பிழை. பதினொரு வருசம் சாவியை என்னை நம்பித் தந்தீங்கள். இவவுக்கு ஒரு கிழமை குடுத்துப் பாருங்கோ. பிடிக்காட்டி நானே திரும்ப வந்து கூட்டுறன்.”

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, ஹோட்டல் வேலையோடு அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. மனைவியிடம் சொன்னபோது, “வாயாலை கெட்டது போதாதெண்டு இப்ப முதுகும் முறியப்போகுது” என்றாள். ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க, சிஞ்ஞோரா கூப்பிட்டாரா என்று தினமும் கேட்டவளும் அவள்தான்.

சிஞ்ஞோரா கூப்பிடவில்லை. எட்டாம் நாள் அந்தப் பெண்தான் கூப்பிட்டார். “ஒப்பந்தம் எழுதியாச்சு, சகோதரம்!” அடுத்த மாதமே பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் ஒரு நாள் அவரிடமிருந்து மீண்டும் தொலைபேசி. அதே கட்டடத்தில் மேல்வீட்டுக்கு ஆள் தேடுகிறார்களாம். “உங்கட மனிசி வருவாவோ?” என்று கேட்டார். இப்போது என் மனைவி அந்த வீட்டில்தான் வேலை செய்கிறாள். சாவியை அவள் கையில் கொடுத்தவர் அவர்.

இன்றும் யாராவது என்னிடம் ‘உங்கள் ஆள் ஒருவரைத் தாருங்கள்’ என்று கேட்டால் நான் உடனே வாய் திறப்பதில்லை. கதவுக்கு வெளியே நிற்கிறவர் நான்தான் என்று ஒரு நிமிடம் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகே பதில் சொல்கிறேன்.