கடைசிக் கூறு ஆருக்கு?

உப்புநீரில் ஊறிய தும்புக் கயிற்றின் மணம் என் அப்பாவின் உள்ளங்கையில் எப்போதும் இருந்தது. கரைவலைக் கயிற்றை இழுத்து இழுத்து அந்தக் கை காய்த்துப்போயிருந்தது. அவர் என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, நிமிர்த்திய தூண்டில் ஊசியால் உடைமுள்ளைக் கிளறி எடுக்கும்போது, முள்ளைவிட அந்தக் கைதான் அதிகம் உராயும். அதற்காகவே நான் கால்களைக் கவனியாமல் நடந்து போன நாட்களும் உண்டு.

அப்பாவை வீட்டுக்குள் கண்டதாக எனக்கு நினைவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம் அது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்ததால் அரிசி கூப்பனுக்கு வந்திருந்தது. கண்டக்குழியில் மாமாவின் வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அதே கரையில், கொஞ்சம் தள்ளி, கிடுகால் வேய்ந்த "வாடி" ஒன்றில் அப்பா இருந்தார். சீதனமாகக் கொடுத்த வள்ளத்தை அவர் ஒரு காற்று நாளில் கல்லில் மோதவிட்டு உடைத்தார் என்பதும், அன்றைக்கே மாமா அவரைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்பதும், அம்மா அதற்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதும் பிறர் கதைக்கக் கேட்டு நான் அறிந்தவை. கோயிலில் கட்டிய தாலி மட்டும் அம்மாவின் கழுத்திலேயே கிடந்தது.

அப்பா கயிறு இழுத்த வலை கற்பிட்டி முஸ்லிம் ஒருவருடையது. வலைக்குச் சொந்தக்காரர் என்பதால் அவரை எல்லாரும் "சம்மாட்டியார்" என்றுதான் கூப்பிடுவார்கள். வலை கரையேறி, விற்கிற மீன் விலைபேசிப் போன பிறகு, இழுத்தவர்களின் வீட்டுக் கறிக்கென்று கொஞ்ச மீனை ஒதுக்கி, மணலில் ஆளுக்கொரு "கூறு" போடுவார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, சம்மாட்டியார் கம்பால் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். நிற்பவர் திரும்பிப் பாராமல் யாருடைய பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு அந்தக் கூறு. பெரிய மீன் தனக்கு விழவில்லை என்று பிறகு ஒருவரும் முகத்தைத் தூக்க முடியாது.

தன் கூறை ஆள்மூலம் எங்கள் வீட்டுக்கு அனுப்பத்தான் அப்பா முதலில் பார்த்தாராம். சம்மாட்டியார் விடவில்லை. "ஆள் புடிச்சு அனுப்புற வேலையெல்லாம் இங்க இல்ல. புள்ளைக்கெண்டா புள்ள வரட்டும்" என்று சொல்லிவிட்டார். மாமாவிடம் அம்மா, "மீனுக்குத்தானே அண்ணா போறாள்" என்றார். "வள்ளத்தைக் கல்லுக்குக் குடுத்த துரை இப்ப கறிக்கு மீன் குடுக்கிறாரோ" என்று மாமா முணுமுணுத்தாலும், தடுக்கவில்லை. மகள் தகப்பனைப் பார்க்கப் போவதற்கு மீன் ஒரு சாட்டாயிற்று. அது இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கரையில் என்ன வேலை?

பள்ளிக்கூடம் விட்டு நான் போகும் நாட்களில் பெயர் சொல்லும் வேலையை என்னிடமே தந்தார்கள். எல்லாருடைய பெயரையும் உரக்கச் சொல்வேன். பெற்ற தகப்பனின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆகையால் அவரைக் கடைசிக்கு வைத்து, "எங்கப்பாவுக்கு" என்பேன். சந்தியா என்று பெரிய மீசைக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அலுக்காமல், "கேட்டீங்களா, நமக்கெல்லாம் வெறும் பேர், இவருக்கு மட்டும் பட்டம்!" என்று கத்துவார். பிறகு வள்ளத்து நிழலில் அப்பாவும் நானும் கொஞ்ச நேரம் இருப்போம். முள் எடுப்பார். "இண்டைக்கு என்ன படிச்ச மகள்?" என்று கேட்டு, தனக்குத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டுவார். மீனை ஈர்க்கில் கோத்துக் கையில் தந்து, "மாமா வர முந்திப் போயிடு" என்பார்.

கரைவலைப் பருவம் ஒன்றின் நடுவில், வலைக்குள் கிடந்த திருக்கை ஒன்று அப்பாவின் காலில் முள்ளை ஏற்றிவிட்டது. கால் வீங்கிப் புண்ணாகி, மணலில் ஊன்றவே முடியாமல் போயிற்று. கயிறு பிடிக்காதவருக்குக் கூறு இல்லை. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வழக்கம்போலப் போய், முதுகைக் காட்டி நின்று, பெயர்களைச் சொன்னேன். கடைசியில் சொல்வதற்கென்று வைத்திருந்தது வாயிலேயே நின்றது. கம்பு தொடுவதற்கு இன்னொரு கூறு இல்லை. திரும்பி அப்பாவைத் தேடினேன். அவர் தம் வாடியின் வாசலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் கையை எட்டித் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

என்மேல் கோபம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது மாமா, "மீன் முடிஞ்சுதோ? அப்ப அப்பனும் முடிஞ்சுது" என்றார். அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன்பிறகு என்னைக் கரைக்கு அனுப்ப யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை.

சில காலம் கழித்து, "கறிக்கு மீன் இருக்கு, புள்ளய அனுப்பட்டாம்" என்று சம்மாட்டியாரிடமிருந்து செய்தி வந்தது. போனேன். பெயர் சொல்லுமிடத்தில் அப்பாவை இருத்தியிருந்தார்கள், காலில் துணிக் கட்டோடு, கூறுகளுக்கு முதுகு காட்டி.

"சின்னப் புள்ளைகள் சொன்னா எனக்குக் காது கேக்குதில்ல. இனிமே இவர்தான். பேர் சொல்றவருக்கும் ஒரு கூறு" என்றார் சம்மாட்டியார்.

"அடடா, நாங்க இடுப்பு முறியக் கயிறு இழுக்கிறம், இவர் குந்தியிருந்து வாயால இழுக்கிறார்!" என்றார் சந்தியா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடைசியில் ஒரு கூறு மிஞ்சியது.

"இது ஆருக்கு?"

மற்றவர்களுக்குத் தெரிந்தது அப்பாவின் முதுகு; முகம் எனக்கு நேரே இருந்தது. கயிற்றைத் தொடாத கைக்கு மீன் வாங்க, தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்ல அவரால் முடியவில்லை. "இது ஆருக்கு?" என்று மறுபடியும் கேட்டார் சம்மாட்டியார். கம்பை அந்தக் கூறிலிருந்து அவர் எடுக்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. இத்தனை பேர் பார்த்திருக்க என் அப்பாவுக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்ற வெட்கத்தில் காது சுட்டது.

அப்போது, "எங்கப்பாவுக்கு!" என்று கீச்சுக் குரலில் ஒரு சத்தம் வந்தது. சந்தியாதான், அந்த மீசையை வைத்துக்கொண்டு, அப்படியே என்னைப் போல. கரை முழுவதும் சிரித்தது. இன்னொருவரும் "எங்கப்பாவுக்கு!" என்றார், பிறகு இன்னொருவர். அப்பாவின் முகம் கோணி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குனிந்தது. நான் மீனை வாங்கிக்கொண்டு, முள் எடுக்கக் காலை நீட்டாமலேயே, தலைகுனிந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன். ஆனால் அடுத்த முறையும் மீன் இருந்தது. அதனால் அடுத்த முறையும் போனேன். கால் ஆறி அவர் மறுபடி கயிறு பிடிக்கும்வரை அப்படித்தான் அவரை எனக்கு விட்டுவைத்தார்கள்.

இப்போது கண்டக்குழிக் கரையின் அந்தப் பக்கத்தில் கரைவலை இல்லை. இயந்திரப் படகுகள் வருகின்றன. மீன் மணலைத் தொடாமல் ஐஸ் பெட்டிக்குள் இறங்கி லொறியில் ஏறிவிடுகிறது. முதுகு காட்டி நிற்க ஆளும் தேவையில்லை, "இது ஆருக்கு?" என்று கேட்க ஆளும் இல்லை.

என் மகன் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வேலை போயிற்று, வீட்டில் சண்டை வந்தது, மருமகள் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சிலாபத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போன கிழமை பிள்ளையைப் பார்க்க அவன் பஸ் ஏறினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். கேற் வரைக்கும் போனானாம். உள்ளே பிள்ளையின் சத்தமும் கேட்டதாம். "வெறுங்கையோட எப்படியம்மா போறது?" என்று கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தச் சத்தம் எனக்குத் தட்டியை இழுத்த சத்தமாகவே கேட்டது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. ஆசிரியையாக இருந்து எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்ன நான், அந்தக் கதவுக்கு முன்னால், முன்பு கரையில் நின்றதுபோலவே வாய் வராமல் நின்றேன்.

காசு கொடுத்தால் வாங்கமாட்டான். புத்தி சொன்னாலும் கேட்கமாட்டான். ஆகையால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழங்கால் வலிக்கப் போகிறது. பேத்தியைப் பார்க்காமல் இருக்க ஏலாது, தனியாக பஸ் ஏறவும் ஏலாது, என்னைக் கைபிடித்து அந்த வீட்டு வாசல்படி வரைக்கும் கொண்டுபோய் விடு மகன் என்று கேட்கப் போகிறேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.