தேருக்குத் தைத்த சட்டை

கொடிகாமத்துத் தையல்கடையில் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். பருத்த உடம்பு. சிரிக்கும்போதெல்லாம் தன் இடுப்பில் தானே தட்டிக்கொள்வார். எங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்கென்று தைக்கக் கொடுத்த மஞ்சள் சேலைச் சட்டையை விரித்ததும் சிரிப்பு நின்றது. அவர் கொடுத்த அளவுச் சட்டைக்குக் கை குட்டை. இதில் முழங்கை வரை நீண்டிருந்தது.

"உங்கடை கை நல்ல பருமனெல்லோ அக்கா. மறைச்சால் வடிவெண்டு நான்தான் நீட்டி விட்டனான்," என்றாள் தையல்காரப் பெண். என் சட்டைகளையும் அவள் அப்படித்தான் நீட்டுவாள். நானும் அப்படியே போட்டுக்கொண்டு போவேன்.

"மறைக்கச் சொல்லி நான் கேட்டனானே? தேர் நாளிலை எங்கடை ஆம்பிளையள் மேலிலை ஒண்டும் இல்லாமல், வயிறு வேட்டிக்கு மேலாலை வழிய வழிய நிக்கினம். அவையை ஆரும் மூடச் சொல்லுறேல்லை. என்ரை கைதான் உங்களுக்குக் குத்துதோ? வெட்டு பிள்ளை!"

வெட்டி, மடித்துத் தைக்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் முழுதாகச் சுற்றி, இடுப்பில் தட்டிச் சிரித்தார்.

தேரன்று சாமியைப் பார்க்கும் முன்பே அந்த மஞ்சளைத்தான் தேடினேன். பெண்கள் பிடித்த வடத்தில் முன்னுக்கு நின்றார். அந்தப் பருத்த கைகள் இழுக்க, தேர் அசைந்தது.