புற்றடியில் கேட்ட சீறல்

போன வருஷம் ஆடி மாதம். சங்கரன்கோவிலில் நாங்கள் புது வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவர் கடைக்குப் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு மதினி மட்டும்தான். பல வருஷம் அம்மனுக்கு வேண்டி, தவமிருந்து பெற்ற ஒரே பெண்பிள்ளை அவருக்கு. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதில் ஓரத்தில் ஒரு பழைய புற்று. அதை ஒட்டி, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பிளக்ஸ் பேனர் எதையோ மூடிக் கிடந்தது. அந்தப் பக்கமிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். யாரோ மூச்சை இழுத்து விடுவதுபோல இருந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும், நான் எம்மாத்திரம்?

நான் போட்ட கூப்பாட்டில் மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். இந்த ஊரில் பாம்பென்றால் கம்பு தேட மாட்டார்கள், கும்பிடத்தான் செய்வார்கள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏட்டி, எலுமிச்சம்பழ வாசம் வருதுல்லா? இங்கன மரமா இருக்கு? அம்மனே வந்திருக்கா. சத்தம் போடாத, சூடம் எடுத்துட்டு வாரேன்" என்றார்.

வாசம் வந்தது உண்மைதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சூடத்தை மண்ணில் வைத்து, பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக் கைகூப்ப வைத்தார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், தீக்குச்சி நிற்குமா? ஒன்று அணைந்தது, இன்னொன்றும் அணைந்தது. சேலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த குச்சியை எடுக்கையில்தான் என் மூக்குக்கு என்னவோ நெருடியது. நான் புளியங்குடிக்காரி, எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். பழம் என்றால் தோலின் கசப்பும் சேர்ந்து மணக்கும். இது வெறும் இனிப்பு. அறையில் அடிக்கிற ஸ்பிரேயின் எலுமிச்சை.

"மதினி, பத்தவைக்காதீங்க! பிள்ளையத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். சாமி குத்தம் செய்தவளைப் பார்ப்பதுபோல முறைத்தாலும், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தள்ளி நின்று, நீளக் கம்பால் பேனரை விலக்கினேன். கிழிந்த சாக்குக்குள் துருப்பிடித்த ஸ்பிரே டின்கள், பெயின்டில் கலக்கும் தின்னர் பாதி இருந்த பாட்டில், பழைய பூச்சிமருந்து. ஒரு பொறி பட்டாலும் குப்பென்று பற்றிக்கொள்கிற சாமான்கள். ஒரு செங்கல் சரிந்து ஒரு டின்னின் தலையில் சாய்ந்திருந்தது. காற்றில் சாக்கு அசையும்போதெல்லாம் அது சீறியது. மதினியின் இடுப்பிலிருந்த பிள்ளை அப்போதும் கூப்பிய கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் நகராட்சி வண்டி வந்ததும், உள்ளே இன்னின்னது இருக்கிறது என்று சொல்லி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுத்தோம். "அம்மன்தான் உன் மூக்குல வந்து உக்காந்தா" என்று மதினி சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். அந்தச் சாக்கை வைத்துவிட்டுப் போனவர்களும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வேண்டாமென்று மூடிவைத்தார்கள், மறந்தார்கள், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு காலி டின்னைத் தூக்கிப்போட எடுக்கும்போதெல்லாம், இது யார் பிள்ளையின் முன்னால் போய்க் கிடக்குமோ என்று என் கை தானாக நின்றுவிடுகிறது.