பார்வத்தியக்காரர் வந்த சாயங்காலம்

நான் வேற்று நாட்டுக்காரி என்பது, டிரெயினிங் முடித்துப் பெண்கள் பள்ளியில் தமிழ் வாத்தியாரம்மா வேலைக்கு மனுப் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை என்னைவிடத் திருவனந்தபுரத்துக்காரி ஒருத்தி உண்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு வத்தல் மண்டி. அந்த மிளகாய் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்தவள் நான். சண்டை என்று வந்தால் மலையாளத்தில் போடுவேன், அழுகை வந்தால் தமிழில் அழுவேன்.

சர்க்கார் கச்சேரி குமாஸ்தா என் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிறந்தது எவிடெயா?" என்று கேட்டார். தென்காசிக்குக் கிழக்கே ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னேன். மனுவை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வினை அங்கேதான் இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத பெண் எங்கள் பக்கத்தில் உண்டா? அம்மாவும் வளைகாப்புப் போட்டுக்கொண்டு போனாள், என்னைப் பெற்றாள், கைக்குழந்தையோடு திரும்பிவிட்டாள். இன்றைக்கு யாருக்கும் அது பெரிய தூரமில்லை. அன்றைக்கோ அது வெள்ளைக்காரன் சீமை, இது மகாராஜா சீமை. இங்கே சர்க்கார் வேலை வேண்டுமென்றால், இந்த ராஜ்யத்துக் குடி என்று தாசில்தார் சான்று தரவேண்டும். என் தம்பி இரண்டாவது பிள்ளை. அதனால் இங்கேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஒரு பரீட்சையும் தேறாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தடியன் பிரஜையாம், நான் பரதேசியாம்! "ஏ பரதேசி, காப்பி கொண்டா" என்று அவன் கேலி செய்தபோது கையில் இருந்த விசிறியால் ஒரு போடு போட்டேன்.

அப்பா ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். இங்கே பிறந்திருந்தால் பேச்சே இல்லை என்றாராம் வக்கீல். அப்பா பேரில் இங்கே நிலமோ வீடோ இருந்தாலும் தாசில்தாரிடம் பேசிப் பார்க்கலாமாம். எங்கே இருக்கிறது? கையில் நாலு காசு சேர்ந்தால் ஊரில் வயலாக வாங்கிப் போடுகிறவர் அப்பா. நாங்கள் இருந்ததே வாடகை வீடு. அது இல்லையென்றால் இந்த ராஜ்யத்து மாப்பிள்ளை ஒருவனைக் கட்டிக்கொண்டால் போதுமாம், அவன் குடியுரிமை எனக்கும் வந்துவிடுமாம். இதைக் கேட்டதும் அத்தைக்கு வாயெல்லாம் பல். "நாகர்கோவில்ல ஒரு பையன் இருக்கான், பாக்கட்டுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். வேலைக்காகக் கழுத்தை நீட்டவா நான் படித்தேன் என்று கத்தினேன். மிச்சம் இருந்தது ஒரே வழி. நெடுங்காலமாக இங்கேயே குடியிருக்கிறோம், இனியும் இங்கேயே இருப்போம் என்று விசாரணையில் அதிகாரி நம்பவேண்டும்.

அப்பா சான்று கேட்டுத் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைகாசி பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. அதற்குள் சான்று வராவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றியது. குடையைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு நடப்பேன், "விசாரணைக்கு ஆள் வரும், போ குட்டி" என்று விரட்டுவார்கள், திரும்பி நடப்பேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு இடத்தில இரேண்டி!" என்று அம்மா திட்டுவாள்.

அவள் மட்டும் ஒரு இடத்தில் இருந்தாளா? இருந்தது இங்கே, நினைப்பு பூராவும் அங்கே. நல்ல வெங்கலப் பாத்திரங்களை ஊருக்குப் போனபிறகு எடுத்துக்கலாம் என்று சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு தென்னம்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தாளாம். "இது காய்க்கும்போது நாங்க இங்க இருக்கமாட்டோம்" என்று அம்மா வாங்கவில்லை. சேச்சி முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பிடித்த சண்டை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். குப்பை பறந்தால் சண்டை, கோழி வந்தால் சண்டை. நாள் தவறினாலும் தவறும், அவர்கள் சண்டை தவறாது.

பார்வத்தியக்காரர், அதாவது ஊர் வரிக்கும் விசாரணைக்கும் உள்ள சர்க்கார் அதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் வந்து நின்றார். அப்பா மண்டியில் இருந்தார். அம்மா அப்போதுதான் கூடத்தில் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்ததும் அம்மாவிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நிங்ஙள்டெ நாடு எவிடெயா?"

எங்கள் ஜனங்களிடம் ஊர் எது என்று கேட்டால் போதுமே! அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஊரா? தென்காசிக்குக் கிழக்கங்க. ஊரச் சுத்தி வயலு. அம்மன் கோயில் கொடைக்கு வருசா வருசம் போயிருவோம்லா. இங்க என்ன, பிழைக்க வந்த இடம். மகளுக்கு ஒரு வழி ஆச்சுன்னா ஊரோட போய்ச் சேரவேண்டியதுதான்."

ஐயோ! தூணில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. பார்வத்தியக்காரர் சிரித்துக்கொண்டே பென்சிலைப் பையில் வைத்தார். "அப்போ திரிச்சு ஊருக்குப் போகும், அல்லே?" என்று எழுந்துவிட்டார். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வேலியைத் தாண்டிச் சேச்சி வந்தாள். அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சாரே, ஒண்ணு நில்லு. இவ கைக்கொச்சோட வந்து ஏறினதைக் கண்டது ஞானாக்கும். அந்தப் பிள்ளைதான் இது. அன்னு தொட்டு இந்தப் பாண்டிக்காரி எங்கிட்ட சண்டை போடாத நாள் இல்ல. இங்க இல்லாத ஒருத்திகிட்டயா நான் சண்டை போடுறேன்?"

பார்வத்தியக்காரர் சிரித்துவிட்டார். "அது சரி. பட்சே, இனிமேலும் இங்கத்தன்னெ இருப்போம்னு இவங்க சொல்லணுமே. போறோம்னு அல்லே இப்போ சொன்னது?"

"இனியும் ஒண்ணு கேட்டு நோக்கு" என்றாள் சேச்சி. "விளக்கு எரிஞ்சு நிக்குது. விளக்கு முன்னாடி இவ கள்ளம் பறயமாட்டா. அதுக்கு ஞான் சாட்சி."

அவர் மறுபடியும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். சொல்லு, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அலறிக்கொண்டிருந்தேன்.

"இனி இதுதாங்க எங்க ஊரு. அங்க போறதுக்கில்ல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சான்று கிடைத்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே வேலை உத்தரவும் வந்தது. பிரித்துப் பார்த்தேன், செங்கோட்டை! அதுவும் மகாராஜா சீமைதான், ஆனால் கடைசி எல்லை. அந்தண்டை தென்காசி. வண்டி கட்டினால் அம்மா ஊருக்கு ஒரு பொழுதுகூட ஆகாது. தலைகால் புரியாமல் ஓடினேன். "எம்மா, செங்கோட்டைம்மா! நீயும் என்கூட வா. வாராவாரம் மாமா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"செங்கோட்டைக்கு வாரேன். உனக்குச் சோறு பொங்கணும்லா. அதுக்கு அங்கிட்டு என்னைக் கூப்பிடாத."

"என்னம்மா இது? அது சர்க்கார் கேட்ட கேள்வி. காரியம் முடிஞ்சு போச்சு."

"விளக்கு முன்னால சொல்லிட்டேன்ல."

அப்பா சொன்னார், அத்தை சொன்னாள். அவள் கேட்கவில்லை. கோபத்தில் நான் தட்டைத் தூக்கி எறிந்தேன். அதையும் எடுத்துக் கழுவி வைத்தாள். புறப்படுவதற்கு முதல் நாள், சாக்கைப் பிரித்து வெங்கலப் பாத்திரங்களை வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேச்சிக்கு விஷயம் எட்டியிருக்க வேண்டும். வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"எடீ பாண்டி! உனக்குக் கிறுக்கா, பிராந்தா? போ, போய் உன் அம்மனைக் கண்டுட்டு வா. ஆரு வந்து சோதிக்கப் போறா?"

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான சேச்சி எனக்குச் சாட்சி சொன்ன?" என்றாள்.

சேச்சி வேலியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.