ஏழாம் லைனின் முதல் பாடம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் விசிலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தையல் மெஷின்களின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும் குரல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், பதினாறு வருடத்தில் ஏழாம் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனார்.

அந்தக் குரலும் எடுபடாத காலம் ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பன்னிரண்டு பெண்களை அவர் லைனில் உட்காரவைத்தார்கள். காலர் தைக்கும் விதத்தை விசிலக்கா கையாலும் ஜாடையாலும் காட்டுவார். "புரிஞ்சுதா?" என்பார். பன்னிரண்டு தலையும் ஆடும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது காலர் கோணல். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் அது ஐந்துக்குக் கீழே வராவிட்டால் பன்னிரண்டு பேரும் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

அன்று திங்கள்.

மற்ற சூப்பர்வைசர்கள் இது திமிர் என்றார்கள். விசிலக்காவுக்கு அப்படிப் படவில்லை. திமிர் பிடித்தவர்கள் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் குனிந்தபடி பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார்களா என்ன? மதியம் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். அவர்களில் மூத்தவளுக்கு மட்டும் இந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் வரும். அவளைப் பிடித்து விஷயத்தைக் கறந்தார். அவர்கள் ஊரில், சொல்லிக்கொடுத்தவர் முகத்துக்கு நேரே புரியவில்லை என்றால், உனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று குத்திக்காட்டுவது போலாம். தலையாட்டியதெல்லாம் மரியாதைக்கு.

"அடிப்பாவிங்களா, மரியாதை குடுத்தே கவுத்துட்டீங்களே" என்றார் விசிலக்கா. "சரி, எனக்குப் புரியலன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது?"

வீட்டில் துணி காயப்போடும்போதும் அந்த ஒரே வாக்கியத்தை முணுமுணுத்தார். அர்த்தத்தைக் கேட்ட கணவர், கட்டிக்கிட்ட நாளிலிருந்து தன்னிடம் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லையே என்று வாரினார்.

செவ்வாய் காலை, ஓரத்து மெஷின் பெண்ணிடம் அவள் காலர் திருப்பும் விதத்தைக் காட்டச் சொன்னார். உற்றுப் பார்த்தார். பிறகு லைன் முழுக்கக் கேட்கும்படி, அவர்கள் பாஷையில், "எனக்குப் புரியல" என்றார்.

பன்னிரண்டு மெஷினும் நின்றன. சூப்பர்வைசர் ஒருத்தி வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை. அந்தப் பெண் மறுபடி காட்டினாள். புரியவில்லை என்று மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் காலர் முனையைத் தொட்டு, மெதுவாக, இந்த இடம்தான் தனக்கும் புரியவில்லை என்றாள்.

மடை திறந்துகொண்டது. ஆளுக்கொரு சந்தேகம் வந்தது. மடி, இழு, திருப்பு, மெல்ல என்று விசிலக்கா நாளுக்குப் பத்து வார்த்தை கற்றார். அவர் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதன்கிழமை பதினெட்டு கோணல். வியாழன் ஏழு.

வெள்ளி மாலை மேனேஜரே நூறு சட்டையைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு. நம்பாமல் மறுபடி பார்த்தார். அதே இரண்டுதான். யாரும் போகவேண்டாம் என்றார்.

அதைச் சொல்ல மூத்தவள் வாய் திறப்பதற்குள் விசிலக்கா அவளைக் கையமர்த்தினார். கற்ற நாற்பது வார்த்தையில் தேடிப்பிடித்து, தானே சொன்னார். அடுத்த நிமிடம் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கட்டிங் மேஜை மேல் நிறுத்திவிட்டார்கள். ஷிப்ட் முடிகிற மணி அடித்தும் இறங்க விடவில்லை.