தண்ணீருக்குள் ஒரு கை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் போட்டோ கிளப்பின் வருடாந்திரக் கண்காட்சி. முதல் பரிசு வாங்கிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அதில் இருக்க வேண்டிய ஒரு ஆள் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு விடிகாலை, கிளப்பில் எல்லோரும் நோணாங்குப்பம் கழிமுகத்துக்குப் போயிருந்தோம். மீனவர் வலை வீசும் காட்சி வேண்டுமாம். செயலாளர் சேகர், ஏழுமலை என்பவரை ஏற்பாடு செய்திருந்தார். மீன் பிடிக்க அல்ல. வலை வீச மட்டும். மீன் வந்ததா இல்லையா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

சூரியன் எழும்பியது. ஏழுமலை படகு விளிம்பில் ஏறி நின்று வலையை வீசினார்.

“சூப்பர்ண்ணே! இன்னொரு தடவ... கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி!” என்றார் சேகர்.

வீசினார். நனைந்த வலையை இழுத்தார். மறுபடியும் வீசினார். “கை வலிக்குதுங்க” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “கடைசியா ஒண்ணுண்ணே” என்று சேகர் சொன்னதும் விழுந்தது. அந்தக் கடைசி பல தடவை வந்தது.

அப்புறம் கால் வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் வலைக் கயிறு. வலை உடம்பைச் சுற்றிக்கொண்டது. தலை ஒருமுறை மேலே வந்து உள்ளே போனது. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே...

எனக்கு நீச்சல் தெரியாது. கத்தினேன். கரையில் என்னைச் சுற்றிலும் கேமராக்கள் டக டக டகவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கேமராகூட நிற்கவில்லை.

குதித்தவர் லூர்துசாமி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘சொல்தா’ என்போமே, அந்த வகை. எழுபதைத் தாண்டியவர். கழுத்தில் கேமராவோடு அப்படியே பாய்ந்துவிட்டார். வலையோடு சேர்த்து ஏழுமலையைக் கரைக்கு இழுத்துவந்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை கொடுத்தார்கள்.

ஏழுமலை இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். “கயிறு இறுக்கிடுச்சு முசியே... மூச்சே வரல” என்றார். முசியே என்றால் எங்கள் ஊர் பிரெஞ்சில் ஐயா. லூர்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சேகர் கிட்டே வந்தார். ஏழுமலையை விசாரிக்க என்று நினைத்தேன்.

“லூர்து சார்... ஒரு ரெண்டு செகண்ட் பொறுத்திருக்கக் கூடாதா? எல்லார் ஃபிரேம்லயும் வந்துட்டீங்களே!”

அதன் பிறகு லூர்து கிளப் பக்கம் வரவே இல்லை. உப்புத் தண்ணீர் குடித்த அவர் கேமராவும் பிழைக்கவில்லை.

கண்காட்சிக்கு நான்தான் அவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். முதல் பரிசு – சேகர். தலைப்பு ‘வாழ்வோடு ஒரு போர்’. பொன்னிறத் தண்ணீர், வலை, மேலே நீளும் ஒரு கை. சுற்றிலும் யாருமே இல்லை! அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில் லூர்துவின் தலையும் நீட்டிய கையும் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனே?

சேகரைக் கேட்டேன்.

“சாஃப்ட்வேர்ல எடுத்துட்டேன் மேடம். கவனத்தச் சிதறடிக்கிற பொருள எடுக்கலாம்னு ரூல்ஸ்லயே இருக்கு.”

“பொருளா? மனுஷன் சார் அவரு!”

“போட்டோவுல எல்லாமே பொருள்தான் மேடம்.”

கோபப்படவில்லை அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் இருந்த உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். அடுத்தவர் கஷ்டத்தை ‘சூப்பர் கேப்ச்சர்’ என்று பாராட்டிப் பாராட்டியே பழகிவிட்டோம் – சுருக்கம் விழுந்த முகம் என்றால் டெக்ஸ்ச்சர், அழுகை என்றால் எமோஷன். காப்பாற்ற வருகிறவர் மட்டும் டிஸ்டர்பன்ஸ்.

லூர்து அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தார். “நல்லவேள... ஏழுமலைய வுட்டு வச்சிருக்காங்க” என்றார். வெளியே போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சள் சுவரில் பூனை நடக்கும் என் படமும் அங்கே மாட்டியிருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெற்றிடம் தெரியாமல் பக்கத்துப் படங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் இருவரும் சாரம் பகுதிக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் கிளப் குரூப்பில் அறிவிப்பு. அடுத்த ஞாயிறு தட்டாஞ்சாவடி பட்டறைகளில் வெல்டிங் தீப்பொறி எடுக்கப் போகிறார்களாம்.

பட்டறைக்காரர்களே... தீப்பிடித்தால் நீங்களே அணைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு இரண்டு கையும் பிஸி!