விடைபெறும் நேரத்தில் வராத கார்

கிரிப்டோ கார்டுக் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவை என்பது, "என் பணம் எங்கே?" என்று கேட்பவரிடம், "இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு இல்லை" என்று மரியாதையாகச் சொல்லும் தொழில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளாவது இப்படிப் பதில் சொன்னவர்கள் என் கூட வந்து உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் கார்டில் பிட்காயினைப் போட்டு வைத்தால், செலவு செய்யும் நேரத்தில் அது டாலராக மாறும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதை வாடகைக் கார் ஆப்போடு இணைத்து வைத்திருக்கிறார்கள். அழைப்பவர் தமிழ் என்று தெரிந்தால் அழைப்பு நேராக எனக்கு வரும். பேசி முடித்ததும் அவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். மேனேஜர் கிரெய்க் வாராவாரம் அதைப் பார்ப்பார். நான் அப்போது தற்காலிக ஊழியன். வேலை நிரந்தரமாகாவிட்டால் விசாவும் போய்விடும், நானும் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனவே ஒவ்வொரு நட்சத்திரமும் எனக்கு உயிர்.

எந்த ஊர் நேரம்?

பாட்டனி டவுன்ஸ் புறநகரில் இருக்கும் நாதன் அங்கிள் மலேசியக்காரர், காரைக் 'காடி' என்பார். ராகு காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். ஒருநாள் கோயிலுக்குப் போகக் காரைத் தேடிப் பிடித்திருக்கிறார். கட்டணமும் தோதாக இருந்தது. காலண்டரைப் பார்த்தால் ராகு காலம். முடியட்டும் என்று காத்திருந்து மறுபடி ஆப்பைத் திறந்திருக்கிறார். அதற்குள் பிட்காயின் சரிந்துவிட்டது. கார்டில் இருந்தது கோயில் வரை போதவில்லை.

"நான் நல்ல நேரம் பார்த்துத்தான காடி கூப்பிட்டேன், நீங்க எப்படி விலையை இறக்கலாம்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். விலையை நாங்கள் இறக்குவதில்லை, அது உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் என்று விளக்கினேன். மறுமுனையில் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "அப்ப பிட்காயினுக்கு எந்த ஊர் ராகு காலம் தம்பி?"

சண்டை எண்டு நினைப்பினம்

இன்னொரு புறநகரான ரானுயியில் இருக்கும் ஃபிலோமினா அக்காவுக்குச் சொந்த ஊர் மன்னார். வெளிநாட்டில் கணினி வேலை பார்க்கும் மகன், அம்மா பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று எங்கள் கார்டை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில்தான் அவர் ஜெபக்கூட்டத்துக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய் வருவார். ஒருநாள் அழைத்தபோது குரலில் அழுகை இருந்தது. "தம்பி, காசு கிடக்கெண்டு காட்டுது. கார் கேட்டா இல்லையெண்டுது. மகன் அனுப்பின காசை ஆரோ களவெடுத்திட்டினம் போல."

கணக்கைத் திறந்தேன். யாரும் திருடவில்லை. அக்கா ஒரே மாலையில் ஒரே வாசலுக்கு மூன்று தடவை கார் கூப்பிட்டிருந்தார். மூன்று டிரைவர்களும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கார் கூப்பிட்டதும் கட்டணத் தொகையை ஆப் கார்டிலேயே பூட்டி வைக்கும், வேறெதற்கும் எடுக்க முடியாது. பயணம் ரத்தானாலும் அந்தப் பூட்டை எங்கள் கம்பெனி திறக்கச் சில நாள் ஆகும். மூன்று பூட்டில் கார்டு முழுக்க முடங்கிவிட்டது.

என்ன செய்தீர்கள் என்று மெதுவாக விசாரித்தேன். "போட்டு வாறன் எண்டு சொல்லி எழும்பேக்க கார் போட்டனான் தம்பி" என்றார். போய்விட்டு வருகிறேன் என்று எழும்போதே கார் கூப்பிட்டிருக்கிறார், எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்தது வரவேற்பறையில். அதற்குப் பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, கேட்டைப் பிடித்துக்கொண்டு அசல் பேச்சு. நம் ஆட்கள் எந்த ஊராக இருந்தாலும் இதில் வித்தியாசமே கிடையாது. பேச்செல்லாம் முடிந்த பிறகு கார் கூப்பிடுங்கள் அக்கா என்றேன். "முடிஞ்சாப் பிறகு தெருவில நிக்கிறதோ?" என்றார். சரி, எழுந்ததும் பேசாமல் கிளம்பிவிடுங்கள் என்றேன். அக்காவுக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "கதைக்காமல் வெளிக்கிட்டா சண்டை எண்டெல்லோ நினைப்பினம்!"

ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்.

நம்பாதவர்

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்காகக் கிரெய்க் என்னைக் கூப்பிட்டார். ரத்தான பயணங்களின் பூட்டை அன்றைக்கே திறந்துவிடலாமே என்று கெஞ்சினேன். எங்கள் கையில் இருக்கும் வேலைதான், ஆனால் கூடுதல் வேலை. சொன்ன நேரத்துக்கு வாசலுக்கு வராதது வாடிக்கையாளரின் தவறு என்றார் அவர். விடைபெறும்போது வாசல் வாசலாக நின்று பேசும் நம் ஆட்களின் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். பக்கத்து மேசை செலா, டோங்கா தீவுக்காரி, "எங்க வீட்டுலயும் அதேதான், கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வேற வரும்" என்று எனக்குச் சாட்சி சொன்னாள். கிரெய்க் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "கிளம்புறேன்னு சொன்னவங்க கிளம்பிடுவாங்கதானே?"

காலிஃபிளவர்

மறுநாளே என் வேலையைப் பற்றி முடிவு சொல்லும் நாள் வந்தது. காலையில் புக்கெகோஹியிலிருந்து நண்பன் செல்வம் வந்து, தோட்டத்துக் காலிஃபிளவர் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தான். அதோடுதான் கிரெய்க்கின் அறைக்குப் போனேன். அவர் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். "உன் நட்சத்திரங்கள் சுமார்தான். அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்து, எங்கள் கார்டிலேயே கார் கூப்பிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் காலிஃபிளவரை நீட்டினேன்.

"இதை எப்படிச் சமைப்பது?" என்று அவர் கேட்டது அறை வாசலில். மிளகு போட்டு வறுப்பதை நான் சொல்லி முடித்தது லிஃப்ட் வாசலில். கீழே கண்ணாடிக் கதவருகே, அவர் அம்மா வெள்ளைச் சாஸ் ஊற்றிச் செய்வதைப் பற்றி அவர் ஆரம்பித்தார். முதல் கார் போய்விட்டது. இரண்டாவதைக் கூப்பிட்டார். அவர் அம்மாவின் முழங்கால் வலிக்கு வந்தோம். அதுவும் போய்விட்டது. மூன்றாவதற்குக் கார்டு ஒத்துக்கொள்ளவில்லை. கிரெய்க் போனையே பார்த்தபடி நின்றார். ரானுயி அக்காவின் குரலில் கேட்ட கலக்கம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

என் கார்டில் கார் வரவழைத்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் அவரை உள்ளே தள்ளினேன். கார் நகரும்போது கண்ணாடியை இறக்கினார். "பூட்டையெல்லாம் இன்னைக்கே திறந்துவிடச் சொல்லு. இந்த வேலைக்கு ஆள் வேணும். நீயே நிரந்தரமா இரு."

அன்றே அக்காவை அழைத்துப் பணம் வந்துவிட்டதென்று சொன்னேன். ஐந்து நட்சத்திரமும் போட்டு, விருந்துக்கும் கூப்பிட்டார்: "ஒருக்கா வீட்ட வாங்கோ தம்பி, திரும்பிப் போக மட்டும் எழும்பின உடன கார் போட்டிடாதேங்கோ."

வேலை நிரந்தரமானது என் திறமையால்தான் என்று திருச்சியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கிரெய்க் அந்தப் பக்கம் போகாதவரை காலிஃபிளவரின் பங்கு வெளியே வராது.